லேட்டக்காவின் இடது கை

தொண்டையில் மாட்டிய காசு, மூக்குக்குள் போன பாசிமணி என்று எது வந்தாலும் அந்த ஆஸ்பத்திரியில் முதலில் தேடுவது லேட்டக்காவைத்தான். பிள்ளை அலறும். பெற்றவள் அதைவிட அலறுவாள். பெற்றவனோ, "நீ ஒழுங்கா பாத்துக்கிட்டிருந்தா இப்படி ஆகுமா?" என்று பெண்டாட்டியிடம் எகிறிக்கொண்டிருப்பான். லேட்டக்கா வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நெற்றியில் விளக்கை மாட்டிக்கொண்டு, "மணி என்ன கலர்டா ராஜா?" என்பாள். யோசிப்பதற்காகப் பிள்ளை ஒரு நொடி அழுகையை நிறுத்தும். அந்த ஒரு நொடி போதும், மணி வெளியே வந்து தட்டில் விழுந்திருக்கும். "பச்சை," என்று பதிலையும் அவளே சொல்லிவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விடுவாள்.

லேட்டக்கா என்பது பெற்றவர்கள் வைத்த பேர் இல்லை. வேலைக்கு லேட்டாக வருகிறவள் என்றும் நினைத்துவிடாதீர்கள். காவல்காரர் கேட்டைத் திறக்கும்போதே வாசலில் நிற்கிறவள் அவள். காது, மூக்கு, தொண்டை ஆபரேஷன் படிப்பில் அவளோடு சேர்ந்தவர்கள் எல்லாரும் மீசை முளைத்துக் கொஞ்ச நாள் ஆன பிள்ளைகள், பின்னல் போட்ட பெண்கள். இவள் மட்டும் முப்பத்தைந்தைத் தாண்டி, பள்ளிக்கூடம் போகும் மகளோடு வந்து சேர்ந்தாள். முதல் நாளே ஒரு வாலு, "அக்கா கொஞ்சம் லேட்டா வந்துட்டாங்க போல," என்று சொல்ல, அதுவே பேராக ஒட்டிக்கொண்டது. அவளும் கோபித்துக்கொள்ளவில்லை. "லேட்டா வந்தாலும் உங்களுக்கெல்லாம் அக்காதானே. தண்ணி பாட்டிலை எடுத்துக் குடு," என்று அன்றைக்கே வேலை வாங்கிவிட்டாள்.

அதற்கு முன்னால் அவள் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மருத்துவமனையில் காய்ச்சல், இருமல் பார்க்கிற டாக்டராக இருந்தாள். ஊர்ப் பிள்ளைகளில் பாதிக்குக் காதில் சீழ் வரும். சொட்டு மருந்து கொடுப்பாள். கொஞ்ச நாள் நிற்கும், மறுபடியும் வரும். உள்ளே எலும்பு வரை போய்விட்ட காதுகளை ஆபரேஷன்தான் சரிசெய்யும். அதைச் செய்கிற டாக்டர் அந்தப் பக்கமே கிடையாது. தூரத்துக்கு எழுதி அனுப்புவாள். பாதிப் பேர் போகமாட்டார்கள். அப்படிப் போகாமல் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டே டிக்கெட் கிழித்த ஒரு கண்டக்டர், ஒரு நாள் வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு வந்து நின்றார். சீழ் முகத்து நரம்பைத் தின்றிருந்தது. விசில் ஊத முடியவில்லை என்றுதான் அவர் வந்தார். அன்றைக்கு ராத்திரி அவள் வீட்டுக்காரரிடம் சொன்னாள்: "நான் மறுபடி படிக்கப் போறேன்."

வீட்டுக்காரர் பிரிட்ஜ் மெக்கானிக். "எத்தனை வருஷம்?" என்றார்.

"மூணு."

"சரி. சோறு வடிக்க நான் கத்துக்கிறேன். குழம்பு மட்டும் ஒரு வருஷம் டைம் குடு."

குடும்பம் சாமானைக் கட்டிக்கொண்டு பெரிய ஊருக்கு வந்த கதை இவ்வளவுதான்.

இப்போது காதைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் மற்றது விளங்காது. காதுக்குப் பின்னால் கை வைத்துப் பாருங்கள், புடைப்பாக ஓர் எலும்பு தட்டுப்படும். மேலே கல் மாதிரி இருக்கிற அது உள்ளே தேன்கூடு. சீழ் அதற்குள் போய்க் குடியிருந்துகொள்ளும். அதைக் கிளப்பவேண்டுமானால் எலும்பைக் குடைந்துகொண்டே போகவேண்டும். வலது கையில் பேனா மாதிரி பிடிக்கிற டிரில், அதன் முனையில் கடுகளவு உருண்டை, இடது கையில் தண்ணீரையும் தூளையும் உறிஞ்சுகிற குழாய், கண் மைக்ராஸ்கோப்பில். மேலே போனால் மூளையின் உறை. பின்னால் போனால் சுண்டுவிரல் தடிமனில் ரத்தக்குழாய். முன்னால் ஆழத்தில் முகத்து நரம்பு, தையல் நூலைவிடக் கொஞ்சம் தடிமனாக, எலும்புக்குள் புதைந்து ஓடுகிறது. அதில் ஒரு கீறல் விழுந்தால் பாதி முகம் தொங்கிவிடும். கண் மூடாது, வாய் கோணிவிடும். காதைச் சரிசெய்யப் போய் முகத்தைக் கெடுத்துக் கொடுத்தால் எந்த நோயாளி மன்னிப்பார்?

அதனால்தான் உயிருள்ளவர் காதைத் தொடுவதற்கு முன் எலும்பு ரூமில் பழகவேண்டும். இறந்த பிறகு தங்கள் உடம்பைப் படிப்புக்குக் கொடுத்தவர்களின் எலும்பு அது. கடையில் கிடைக்கிற சாமான் இல்லை. ஒருவருக்கு ஒரு வருஷத்தில் கிடைப்பது சொற்பம். ஓர் எலும்பை முழுசாகத் திறந்து, நரம்பைக் கீறாமல் கண்ணுக்குக் காட்டினால்தான் காது ஆபரேஷனில் டிரிலைக் கையில் தருவார்கள். தராவிட்டாலும் படிப்பு முடியும், பட்டமும் வரும். மூக்கும் தொண்டையும் பார்த்துப் பிழைத்துக்கொள்ளலாம். ஆனால் லேட்டக்கா வந்ததே காதுக்காக. காது கிடைக்கவில்லை என்றால் அந்த மூன்று வருஷமும் அவளுக்கு வீண்தான்.

டிரிலைத் தருவதும் தராததும் ஒருவர் கையில் இருந்தது. அவருக்குப் பிள்ளைகள் வைத்த பேர் மில்லிமீட்டர். "அரை மில்லிமீட்டர் தள்ளிப் பிடி" என்பதைத் தவிர வேறு பேச்சே வராதவர் என்பதால். வேடிக்கை என்னவென்றால், அவர் காலேஜில் லேட்டக்காவுக்கு இரண்டு வருஷம் ஜூனியர். அப்போது 'அக்கா, அக்கா' என்று பின்னால் சுற்றியவர் நேராக மேல்படிப்புக்குப் போய் வாத்தியாராகிவிட்டார். ஆகவே இருவருக்கும் ஓர் ஒப்பந்தம்: ஆபரேஷன் தியேட்டருக்குள் அவர் 'சார்', அவள் 'டாக்டர்'. கேன்டீனில் அவர் 'தம்பி', அவள் 'அக்கா'. எலும்பு ரூம் இரண்டுக்கும் நடுவில் இருந்ததால் அங்கே எது வாயில் வருமோ அது.

அந்த ரூம் ஆஸ்பத்திரியின் பின்கட்டில், துணி வெளுக்கிற இடத்துக்கு அடுத்தாற்போல இருந்தது. ஒரு தொட்டி, ஒரு மேஜை, ஒரு மைக்ராஸ்கோப். நகத்தை நெருப்பில் காட்டினால் வருமே, அந்த வாடை. லேட்டக்கா ரப்பர் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு உட்காருவாள். மேல் எலும்பை மளமளவென்று எடுத்துவிடுவாள். ஆழம் போகப் போக வலது கை லேசாக ஆடத் தொடங்கும். கண்ணுக்குத் தெரியாத ஆட்டம்தான், ஆனால் மைக்ராஸ்கோப்பில் அது பூகம்பம்.

"எலும்பு எங்கயும் ஓடிடாதுக்கா. நீங்க ஏன் துரத்துறீங்க?" என்பார் மில்லிமீட்டர்.

"நான் துரத்தல. அதுதான் என்னைப் பாத்து ஆடுது."

"செத்த எலும்பு ஆடாது. கைதான் ஆடுது."

வைத்தியம் எல்லாம் பார்த்தாள். காபியை நிறுத்தினாள். மணிக்கட்டுக்கு அடியில் துணி மடித்து வைத்தாள். மூச்சை அடக்கிப் பார்த்தாள். அதில் கண்தான் இருட்டியது. முதல் எலும்பு போயிற்று, இரண்டாவதும் போயிற்று. அவளுக்குப் பின்னால் வந்த வாலுப் பிள்ளைகள் காது ஆபரேஷனுக்குப் போய்விட்டார்கள். அவள் இன்னும் மணி எடுத்துக்கொண்டிருந்தாள்.

எலும்பு இல்லாவிட்டால் முட்டை. இது அவள் கண்டுபிடித்தது இல்லை, காது டாக்டர்கள் எங்கேயும் செய்வதுதான். பச்சை முட்டையின் ஓட்டை டிரிலால் சீவி எடுக்கவேண்டும். ஓட்டுக்கு அடியில் இருக்கிற சவ்வு கிழியக்கூடாது. கிழிந்தால் மேஜை நாறிப்போகும். வீட்டுக்காரரின் சின்ன பாட்டரி டிரிலை வாங்கிக்கொண்டு, சாயங்காலம் பாத்திரம் கழுவி முடித்ததும் சமையலறை மேஜையில் உட்கார்ந்துவிடுவாள். ஒரு கிண்ணத்தில் துணியைச் சுற்றி முட்டையை உட்காரவைத்து, மூக்குக்கண்ணாடி மேல் இன்னொரு பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வேலை நடக்கும். கிழிந்த முட்டையெல்லாம் மறுநாள் சாப்பாட்டில் வந்துசேரும்.

"அம்மா, நாளைக்காவது பாஸ் ஆயிடும்மா," என்று மகள் தட்டைத் தள்ளிவைத்தாள். "எனக்கு முட்டையே பிடிக்கல."

"உங்கம்மா பெயிலாகிற வரைக்கும் நமக்குச் சாப்பாட்டுக் கவலை இல்ல," என்றார் வீட்டுக்காரர். "சாப்பிடு, சாப்பிடு."

ஒரு நாள் அப்படி உட்கார்ந்திருக்கையில் அவளுடைய அம்மா போன் பண்ணினாள். அம்மா பேச ஆரம்பித்தால் லேசில் வைக்கமாட்டாள். வலது கையால் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டுக் கல்யாணக் கதைக்கு 'ம்' கொட்டிக்கொண்டே, லேட்டக்கா டிரிலை இடது கையில் எடுத்தாள். ஏன் எடுத்தாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. கை சும்மா இருக்கவில்லை, அவ்வளவுதான். அம்மா மாப்பிள்ளை வீட்டைப் பற்றிச் சொல்லி முடிப்பதற்குள் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்கு ஓடு போய், சவ்வு வெள்ளை வெளேரென்று முழுசாகத் தெரிந்தது. உள்ளே மஞ்சள் அசைந்தது.

வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். முட்டையைப் பார்த்தார், கையைப் பார்த்தார். "ஏம்மா, நீ பீச்சாங்கைக்காரியா? இத்தனை வருஷம் குடித்தனம் பண்றேன், இது தெரியாம போச்சே!"

"நான் எங்க பீச்சாங்கை? சோத்தாங்கையிலதானே எழுதுறேன், சாப்பிடுறேன்?"

போனுக்குள்ளிருந்து அம்மாவின் குரல் வந்தது. "மாப்பிள்ளை சொல்றது சரிதான்டி. சின்ன வயசுல உனக்கு எல்லாமே பீச்சாங்கைதான். பென்சில் பிடிக்கிறதுகூட. நான்தான் மாத்தினேன்."

"எப்படி மாத்தின?"

"எப்படின்னா? ஒரு போடு போட்டா மாறிக்கும். ரெண்டு போடு போட்டேன், மாறிட்ட."

"அம்மா! அதனாலதான் இப்ப கை ஆடுது."

"அப்படியே விட்டிருந்தா நீ டாக்டராவா ஆயிருப்ப? என்னைக் குத்தம் சொல்ல வந்துட்டா. சரி, கேளு, அந்த மாப்பிள்ளைக்குத் தலையில முடியே இல்லையாம்..."

அம்மாக்களிடம் தோற்றுப்போவதுதான் உத்தமம். லேட்டக்கா கல்யாணக் கதையைக் கேட்டு முடித்தாள்.

மறுநாள் எலும்பு ரூமில் மில்லிமீட்டரிடம் சொன்னாள். அவருக்கு ரசிக்கவில்லை.

"அக்கா, ஒரு நிமிஷம் தியேட்டரை நினைச்சுப் பாருங்க. தட்டு எந்தப் பக்கம்? சோத்தாங்கைப் பக்கம். சிஸ்டர் எந்தப் பக்கம் நிக்கிறாங்க? மைக்ராஸ்கோப் ஒயர், பெடல், உறிஞ்சுற குழாய், எல்லாம் எந்தக் கைக்குப் போட்டது? ஒருத்தருக்காக மொத்தத்தையும் புரட்டிப் போடணுமா?"

"மொத்தம் என்ன மொத்தம்? மேஜைக்குச் சக்கரம் இருக்குல்ல?"

"இருக்கு."

"அப்புறம் என்ன? தள்ளினா நகரும்."

அவர் பெருமூச்சு விட்டார். பிடிவாதத்தில் அவரும் குறைந்தவர் இல்லை, ஆனால் நியாயத்துக்குக் காது கொடுக்கிறவர். "சரி, இந்த எலும்பு ஒண்ணு இருக்கு. இதுல பீச்சாங்கையில செஞ்சு காட்டுங்க. ஆனா இதுதான் கடைசி. இதுக்கு மேல உங்க பங்குக்கு எலும்பு இல்ல."

அவள் டிரிலை இடது கையிலும் குழாயை வலது கையிலும் பிடித்தாள். பார்க்கவேண்டுமே அந்தக் கையை! அத்தனை வருஷம் பூட்டிவைத்த மாட்டை அவிழ்த்துவிட்ட மாதிரி போயிற்று. தேன்கூட்டு அறைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. மூளை உறைக்கு மேல் எலும்பு முட்டை ஓடு மாதிரி மெலிந்தது, உடையவில்லை. ரத்தக்குழாய் நீலமாகத் தெரிந்தது. மில்லிமீட்டர் மைக்ராஸ்கோப்பில் கூட இருப்பவர் பார்க்கிற கண்ணாடியில் கண்ணை வைத்துக்கொண்டு வாயே திறக்கவில்லை. அவர் வாயைத் திறக்காவிட்டால் அது பாராட்டு என்று அர்த்தம்.

நரம்புக்குக் கிட்டே வந்தபோது உருண்டை திடீரென்று துள்ளியது. ஒரே ஒரு துள்ளல். உள்பக்கமாகச் சறுக்கி, நரம்பின் மேல் விழுந்து நின்றது. வெள்ளை நூலில் ஒரு பொத்தல்.

அவள் பெடலிலிருந்து காலை எடுத்தாள்.

"இந்த ஆள் உயிரோட இருந்தா இன்னைக்கு வாய் கோணியிருக்கும்," என்றார் அவர். குரலை உயர்த்தவில்லை. "இதுக்குத்தான் சொன்னேன். மூக்குல உங்களை அடிச்சுக்க ஆள் இல்ல. தொண்டையிலயும் இல்ல. அதுல நிம்மதியா இருங்க. காதுல நீங்க பக்கத்துல நின்னு பாருங்க, போதும். டிரில் வேண்டாம்."

"சரி சார்," என்றாள். எலும்பு ரூமில் அவள் அவரை சார் என்று சொன்னது அன்றைக்குத்தான்.

அழுதாள் என்று சொன்னால் பொய். அவர் போன பிறகு தொட்டியில் கருவிகளைக் கழுவிவைத்தாள். ஏப்ரனைக் கழுவிக் காயப்போட்டாள். மேஜையைத் துடைத்தாள். துடைத்த பிறகும் போக மனசு வராமல் அந்த எலும்பை மறுபடி மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைத்துப் பார்த்தாள். கை நடுங்கிய கோடு எப்படி இருக்கும் என்று அவளுக்கு மனப்பாடம். முந்தின எலும்புகளில் நிறையப் போட்டிருக்கிறாள். பல்லுப்பல்லாக இருக்கும். இது அப்படி இல்லை. இழுத்துவிட்ட மாதிரி நேராக, வழவழவென்று ஒரே கோடு. கை ஆடவில்லை. கையைப் பிடித்து யாரோ இழுத்திருக்கிறார்கள்.

யார் இழுத்தது?

அதை யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தாள். மகள் முட்டையை எண்ணிப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். லேட்டக்கா ஒரு முட்டை மேல் பேனாவால் கோடு ஒன்று போட்டாள். இதுதான் நரம்பு என்று வைத்துக்கொண்டாள். கோட்டுக்கு ஓரமாக, வேண்டுமென்றே கையைத் தளர்த்தி, வலது கையால் டிரிலை ஓட்டினாள். உருண்டை துள்ளிக் கோட்டைவிட்டு விலகி ஓடியது. இடது கைக்கு மாற்றினாள். துள்ளி நேராகக் கோட்டின் மேல் ஏறியது. மறுபடி செய்தாள். மறுபடியும் கோட்டின் மேலேயே ஏறியது.

சுற்றுகிற சக்கரத்தைத் தரையில் வைத்தால் அது ஒரு பக்கமாக ஓடுமா இல்லையா? அதே கதைதான். உருண்டை எப்போதும் ஒரே திசையில் சுற்றுகிறது. வலது கைக்காரர் பிடிக்கிற சாய்வில் அது வழுக்கினால் நரம்பைவிட்டு வெளியே ஓடும். இடது கையில் சாய்வு மாறிவிடுகிறது, ஆனால் சுற்றுகிற திசை மாறவில்லை. ஆகவே வழுக்கினால் உள்ளே, நரம்பைப் பார்த்து ஓடும். இத்தனை நாள் முட்டையில் இது தெரியாமல் போனதற்குக் காரணம், முட்டைக்கு எந்தப் பக்கமும் ஒன்றுதான். எந்தப் பக்கம் வழுக்கினாலும் ஓடுதான் இருக்கிறது.

டிரிலின் பக்கவாட்டில் திசை மாற்றுகிற பொத்தான் இருந்தது. அழுத்தினாள். இடது கையில் பிடித்து, கோட்டுக்கு ஓரத்தில் கையைத் தளர்த்தினாள். உருண்டை துள்ளியது. கோட்டைவிட்டு விலகி ஓடியது.

"என்னங்க!" என்று அவள் போட்ட கத்தலில் வீட்டுக்காரர் கரண்டியோடு ஓடிவந்தார். "கையில பட்டுடுச்சா?"

"இல்லைங்க. எங்கயும் படல!"

மறுநாள் கேன்டீனில் மில்லிமீட்டர் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, அவள் எதிரே உட்கார்ந்து சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். உள்ளே கோடு போட்ட பச்சை முட்டைகள்.

"சார்னு கூப்பிட்டா கேப்பியா, தம்பின்னு கூப்பிட்டா கேப்பியா?"

"கேன்டீன்ல இருக்கோம். தம்பின்னே சொல்லுங்க."

"அப்ப டீயைக் குடிச்சுட்டு எழுந்து வா, தம்பி."

எலும்பு ரூமில் அவள் எதையும் விளக்கவில்லை. டிரிலை அவருடைய இடது கையில் கொடுத்தாள். "இந்தக் கோட்டுக்குப் பக்கத்துல ஓட்டு. கையைக் கொஞ்சம் லூசா விடு." அவர் ஓட்டினார். உருண்டை கோட்டின் மேல் ஏறியது. அவர் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு மறுபடி ஓட்டினார். மறுபடி ஏறியது. மெஷின் பெட்டியில் வளைந்த அம்புக்குறி போட்ட பட்டனை அவள் அழுத்தினாள். "இப்ப ஓட்டு."

ஓட்டினார். உருண்டை கோட்டைவிட்டு விலகி ஓடியது.

"இந்த பட்டன் எனக்குத் தெரியும்க்கா," என்றார். "சில காதுல சில இடத்துல நானே போடுவேன். உங்க கைக்கு இது ஆரம்பத்துலேர்ந்தே வேணும்னு தோணவே இல்ல. இந்த ரூம்ல எனக்கு எதுவும் இடிச்சதில்ல. இடிக்காதவனுக்கு எங்க தெரியும்?"

"அதுக்கு நான் உன்னைக் கோவிச்சுக்கல. எலும்பு குடு."

"எலும்பு இல்லக்கா. நிஜமாவே இல்ல."

"இருக்கும். தேடு."

இருந்தது. அவர் தம்முடைய பழக்கத்துக்கென்று, காதுக்குள் கருவி பொருத்துகிற புது ஆபரேஷனுக்காக எடுத்துவைத்திருந்த எலும்பு. அதற்காக அவர் எவ்வளவு நாள் காத்திருந்தார் என்று எல்லாருக்கும் தெரியும். அலமாரியைத் திறந்து, கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். லேட்டக்கா கையை நீட்டிக்கொண்டே நின்றாள். 'உனக்கு வேண்டாமா தம்பி' என்று ஒரு பேச்சுக்காவது கேட்டிருக்கலாம் என்பீர்கள். கேட்கவில்லை. கேட்டால் அவர் மனசு மாறிவிட்டால்? அவரும் கொடுத்துவிட்டார்.

அந்த எலும்பை அவள் அவசரப்படாமல் திறந்தாள். கடைசியில் நரம்பு முழு நீளத்துக்கும் மெல்லிய எலும்புக்கு அடியில் தெரிந்தது, ஒரு கீறல் இல்லாமல். மில்லிமீட்டர் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமலே, "செவ்வாய்க்கிழமை ஒரு காது இருக்கு டாக்டர்," என்றார்.

செவ்வாய்க்கிழமைக் காதுக்குச் சொந்தக்காரர் ஒரு கிடங்கு மேற்பார்வையாளர். வார்டில் அவருக்குச் சிடுமூஞ்சி என்று பேர். படுக்கை சரியில்லை, தலையணை சரியில்லை, ஜன்னல் தப்பான பக்கம் இருக்கிறது என்று ஆஸ்பத்திரியைக் கட்டினவன் வரைக்கும் குறை சொன்னார். ஆபரேஷனுக்கு முதல் நாள் லேட்டக்கா போய், "நான்தான் உங்க காதை ஆபரேஷன் பண்றேன். சார் பக்கத்துலயே இருப்பார். நான் இடது கையால பண்ணுவேன்," என்று எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னாள்.

"எந்தக் கையோ. காது ஒழுகாம நின்னா சரி. பதினோரு மணின்னா பதினோரு மணிக்கு ஆரம்பிக்கணும், லேட் பண்ணக்கூடாது."

"லேட்டுக்கும் எனக்கும் சம்பந்தமே இல்லைங்க ஐயா," என்றாள் லேட்டக்கா.

தியேட்டரில் மேஜையைத் தள்ளினார்கள், சக்கரம் நகர்ந்தது. பெடலை மாற்றிப் போட்டார்கள். தட்டு இந்தப் பக்கம் வந்தது. தலைமை நர்ஸ் இடுப்பில் கை வைத்து நின்றார். "நான் வேலைக்கு வந்த நாள்லேர்ந்து அந்தப் பக்கம்தான் நிக்கிறேன். இந்தப் பக்கம் நின்னா எனக்கு யாரோ மாதிரி இருக்கு."

"அழகாத்தான் இருக்கீங்க சிஸ்டர்," என்றாள் லேட்டக்கா.

"ஐஸ் வைக்காதீங்க டாக்டர். கத்தியைப் பிடிங்க."

ஆபரேஷன் நீளமாகப் போயிற்று. ரத்தம் கசிகிற காது எலும்பு ரூம் எலும்பு மாதிரி இல்லை. வழி வழுவழுப்பாக, சிவப்பாக, எங்கே எது என்று தெரியாமல் இருக்கும். சீழ் பழசு. அவள் துடைத்தாள், பார்த்தாள், ஓட்டினாள், மறுபடி துடைத்தாள். நரம்புக்குக் கிட்டே வந்ததும் நிறுத்தி, எலும்பை மெதுவாகத் தேய்க்கிற வைர உருண்டையை மாட்டச் சொன்னாள். அம்புக்குறிப் பட்டன் போட்டிருக்கிறதா என்று ஒரு தரம் வாய்விட்டுக் கேட்டு உறுதி செய்துகொண்டாள். அங்கே நரம்பின் மேல் எலும்பே இல்லை, சீழ் அரித்துவிட்டிருந்தது. நரம்பு வெறுமனே கிடந்தது. மில்லிமீட்டரின் கை மேஜை ஓரத்தில் அசைந்தது. வாங்கிக்கொள்ளவா என்று கேட்கிற அசைவு. அவள் தலையைத் தூக்காமலே, "இருங்க சார்," என்றாள். அவர் கையை மடக்கிக்கொண்டார்.

எல்லாம் முடிந்து தையல் போட்டுத் தலையைச் சுற்றிக் கட்டுக் கட்டினார்கள். ஆனால் முடிந்தது என்று சொல்ல இன்னும் ஒன்று பாக்கி. நரம்பு நன்றாக இருக்கிறதா என்பதை முகம்தான் சொல்லவேண்டும். நோயாளி கண் விழித்துச் சிரிக்கவேண்டும். இரண்டு பக்கமும் சமமாகச் சிரித்தால் நல்லது. கோணிச் சிரித்தால், லேட்டக்காவின் காது ஆபரேஷன் அன்றைக்கு ஆரம்பித்து அன்றைக்கே முடிந்தது.

மயக்கம் தெளிகிற ரூமில் அவர் கண்ணைத் திறந்தார். லேட்டக்கா குனிந்தாள். "ஐயா, ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது. ஒரு தடவை சிரிங்க, பாப்போம்."

"எதுக்கு?" பாதித் தூக்கத்தில், உதட்டைப் பிரிக்காமல் முனகினார்.

"சும்மாதான். முகம் எப்படி இருக்குன்னு பாக்கணும்."

"மண்டையை அறுத்து வச்சிருக்கீங்க. சிரிக்க என்ன இருக்கு?"

"சரி, சிரிக்க வேண்டாம். கண்ணை இறுக்கி மூடுங்க."

"இப்பத்தானே தொறங்க தொறங்கன்னு உயிரை எடுத்தீங்க." மூடவில்லை. கட்டு இறுக்கத்தில் ஒரு கன்னம் லேசாக உப்பியிருந்தது. அது உப்பலா, தொங்கலா என்று சொல்ல முடியவில்லை. மில்லிமீட்டர் குனிந்தார், நிமிர்ந்தார், மறுபடி குனிந்தார். "பல்லையாவது காட்டுங்க ஐயா," என்றாள் லேட்டக்கா, கெஞ்சுகிற குரலில்.

"என் பல்லுக்கு என்ன வந்துச்சு? நான் வந்தது காதுக்கு."

அவருடைய வீட்டம்மாவைக் கூப்பிட்டார்கள். அந்த அம்மா வந்து புருஷனை ஒரு பார்வை பார்த்துவிட்டு டாக்டர்கள் பக்கம் திரும்பினார். "சிரிக்கச் சொல்றீங்களா? இவரையா? கல்யாண போட்டோவுலயே சிரிக்காத ஆளும்மா. என் தங்கச்சி பிள்ளைங்க எல்லாம் இவரைப் பாத்தாலே கட்டிலுக்கு அடியில போயிடும்."

"முகம் அசையணும்மா, அவ்வளவுதான்," என்றார் மில்லிமீட்டர். "எப்படியாவது."

"எப்படியாவதுன்னா சரி." அந்த அம்மா புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு புருஷன் காதருகே, நல்ல காதருகே, குனிந்தார். "என்னங்க, கிடங்குச் சாவியை என் தம்பிகிட்ட குடுத்திருக்கேன். நீங்க வர்ற வரைக்கும் அவன் பாத்துக்கட்டும்னு."

"என்னது?" புருவம் இரண்டும் ஒரே சமயத்தில் மேலே போயின. "யாரைக் கேட்டு அவன்கிட்ட குடுத்த? அந்தத் தண்டச்சோறுகிட்டயா? ஒரு மூட்டையைக்கூட ஒழுங்கா அடுக்கத் தெரியாதவன்கிட்டயா?" கண் இரண்டும் சுருங்கின, மூக்கு விடைத்தது. மேல் பல் கீழ்ப் பல் எல்லாம் தெரிய, வாய் இந்தக் காதிலிருந்து அந்தக் காது வரைக்கும் விரிந்தது. "எலி புகுந்தாக்கூட அவனுக்குத் தெரியாது! எழுப்புங்க என்னை! என் செருப்பு எங்க?"

மில்லிமீட்டர் மெதுவாக நிமிர்ந்தார். "அக்கா," என்றார், இன்னும் தியேட்டர் பக்கம்தான் நிற்கிறோம் என்பதை மறந்து. "ரெண்டு பக்கமும் சமமா திட்டுறார்."

"சாவி என் முந்தானையிலதான் இருக்கு," என்று அந்த அம்மா லேட்டக்காவிடம் கிசுகிசுத்தார். "இப்ப சொல்லிடட்டுமா?"

"கொஞ்சம் இருங்கம்மா," என்றாள் லேட்டக்கா. அவள் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, மைத்துனன், மாமியார் வீடு, அவர்கள் கல்யாணத்துக்கு வைத்த சாப்பாடு என்று அவர் ஒவ்வொன்றாகத் திட்டி முடிக்கிற வரைக்கும் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.